துக்கம் ஒரு தகுதியாகுமா?

எழுதியே தம் துயரத்தைக் கடந்ததாக இரங்கற் கவிதை நூல்களின் முன்னுரையில் ஆசிரியர்கள் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சொல்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. அவரவர் வேதனை அவரவர்க்கே தெரியும். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் மனம் சற்றே அடங்கும் என்பதும் மெய். ஆனால் மதிப்புரையாளரும் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லி, துக்கம் சத்தியமானது, ஆகையால் கவிதையும் சத்தியமானது என்று தீர்ப்பளிப்பதை நெடுநாளாக நான் மறுத்து வருகிறேன். மகனை இழந்த ஒருவரின் நூல் வெளியீட்டில் பேச அழைக்கப்பட்டபோது, ஐம்பது பாட்டிலும் தேறியது ஒன்றிரண்டே என்று அறிந்தும் வாய் திறவாமல் பொன்னாடை போர்த்திவிட்டு வந்தேன். அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது.

இழவு வீட்டில் தோள்மேல் கை போட்டு வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைக்கும் பெண்களைப் பாருங்கள். முன்னின்று பாடுகிறவளுக்கு மெட்டு முன்னமே கைவந்தது. செத்தவர் தாயா, தமையனா, கணவனா என்பதற்கேற்ப விளியை மாற்றி, அடியின் கடைசி எழுத்தை மூச்சு முட்டுமளவும் இழுத்து, மற்றவர்கள் சேர்ந்துகொள்ள இடம் விட்டு நிறுத்துகிறாள். பாட்டு நின்றதும் முந்தானையால் முகம் துடைத்து, வெளியூர்க்காரர் வந்து சேர்ந்தாரா என்று விசாரிக்கிறாள். அவள் அழுகை பொய்யன்று. ஆனால் அந்த அழுகையைப் பாட்டாக்குவது அவள் பெற்ற பயிற்சி. எழுத்தறியாத அவளுக்குத் தெரிந்த இந்த வித்தை நம் புதுக்கவிகளுக்கு வேண்டாததாகிவிட்டது.

கலை துயரை ஆற்றும் என்போர் ஜெர்மன் சிற்பி கேத்தே கோல்விட்ஸைத் தவறாமல் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அந்தச் சாட்சி அவர்களுக்கு எதிராகவே பேசுகிறது. பதினெட்டு வயது மகன் பீட்டர் போருக்குப் போகத் தந்தையின் சம்மதம் வேண்டியிருந்தது. மறுத்த கணவரை இணங்கவைத்தவர் கேத்தேயே. 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் மகன் மாண்டான். விரைவிலேயே நினைவுச்சின்னம் ஒன்றைத் தொடங்கி, 1919இல் அதைக் கைவிட்டு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்து, 1932இல்தான் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் நிறுவினார். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அவர் நீக்கியதுதான்: முதல் திட்டத்தில் கிடந்த மகனின் உருவம் முடிவில் இல்லை. மகனை வடித்துக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள எந்தத் தாய்க்கும் ஆசை இருக்கும். அந்த ஆசையைக் கலையின்பொருட்டுத் துறக்க அவரால் முடிந்தது. நம்மவர்களோ தகனத்தன்று எழுதிய வரியில் ஓர் அசையையும் வெட்டச் சம்மதிக்கமாட்டார்கள்; வெட்டச் சொல்பவன் இதயமற்றவன் என்று பெயரெடுக்கிறான்.

கேத்தே துயரைக் கடந்தாரா என்றால், அதுவும் இல்லை. மகனின் பெயரே சூட்டப்பட்ட பேரனும் 1942இல் அடுத்த போரில் மடிந்தான். பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோவுக்குப் பிற்பாடு மாற்றப்பட்ட அந்த நினைவுச்சின்னத்தின் சிலைகளில், தாய் தலை கவிழ்ந்து முழந்தாளிட்டிருக்கிறாள். தந்தை தன் கைகளால் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். இருவரும் தனித்தனிப் பீடத்தில், ஒருவரையொருவர் தொடாமல்.