வட்டத்தொட்டியும் டீக்கடை பெஞ்சும்

சாரல் இறங்கிவிட்டால் குற்றாலத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஐந்தருவிக்குப் போகிற வழியில் டீக்கடை, பிரானூர் பார்டரில் புரோட்டாக்கடை, தென்காசி பஸ் ஸ்டாண்ட் என்று எங்கே நின்றாலும் புதுப்படம் ஒன்றுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள். இதை வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தமிழ்த் திறனாய்வின் ஒரு கிளையே இப்படி உட்கார்ந்து பேசிய பேச்சில் முளைத்ததுதான்.

ரசிகமணி டி.கே.சி. 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டில் கூட்டிய வட்டத்தொட்டி என்ற இலக்கிய அரட்டைக்கு மேடை கிடையாது, தீர்மானம் கிடையாது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் தங்கியபோது பேச்சும் கூடவே வந்தது. ராஜாஜியும் கல்கியும் தேடி வந்தார்கள். கம்பன், சங்கீதம், சாப்பாடு எல்லாம் ஒரே மூச்சில் பேசப்பட்டன. ஒரு பாட்டை எடுத்தால் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். சீர்களைப் பிரித்து, உணர்ச்சி எங்கே திரும்புகிறது என்று காட்டுவார். இலக்கணம் படிக்காதவனுக்கும் பாட்டு தன்னுடையது என்ற தைரியம் வந்தது. இடைசெவல் கிராமத்திலிருந்து அவரைப் பார்க்க வந்துபோன எழுத்தாளர் கி. ராஜநாராயணன், பேச்சுத் தமிழையே எழுத்தின் முதலாக்கினார். 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியும் தந்தார். அரட்டையின் பெரிய பலம் என்று இதைத்தான் சொல்வேன்: ரசிக்கும் உரிமையைப் பண்டிதரிடமிருந்து வாங்கி எல்லாருக்கும் கொடுத்தது.

ஆனால் அந்த உரிமைக்குக் கணக்குக் கேட்க ஆள் வேண்டும். தம் மனத்துக்கு ஒட்டாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று டி.கே.சி. ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். சுவடி என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த பதில் ரசனை மட்டும்தான். அதே நெல்லைச் சீமையின் எஸ். வையாபுரிப்பிள்ளை சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தவர். அந்தப் பொறுமை பதிப்புக்கு இன்றியமையாதது. டி.கே.சி.யின் காது நுட்பமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என்றாலும் ஒருவர் காது எவ்வளவு நுட்பமானாலும் கம்பனின் கையெழுத்தாகிவிடாது. சுற்றியிருந்தவர்கள் அன்பால் தலையாட்டியதில் அந்தக் கேள்வி அமுங்கிப்போனது.

இந்தக் குறை டீக்கடை பெஞ்சிலும் அப்படியே இருக்கிறது.

"படம் எப்படி அண்ணாச்சி?"

"ரெண்டாம் பாதி இழுவைல."

பெரியவர் சொல்லிவிட்டார், முடிந்தது. "எந்த எடத்துல இழுத்துச்சு?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டால் பேச்சு வேறு தரத்துக்கு ஏறும். இடைவேளைக்குப் பிறகு வந்த பாட்டா, வில்லன் காணாமல் போனதா, ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததை நாயகன் மறுபடி துப்பறிந்ததா என்று காட்சி காட்சியாகப் பிரிக்க வேண்டிவரும். அப்படிப் பிரிக்கும்போது சொன்னவரே தம் தீர்ப்பை மாற்றிக்கொள்வதும் உண்டு.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. வட்டத்தொட்டியில் பேசியவர்களாக நமக்குக் கிடைக்கும் பெயர்கள் வக்கீல்கள், பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், பெரும்பாலும் ஆண்கள். பெஞ்சிலும் அதே கதைதான். தியேட்டரில் பாதி இருக்கையில் பெண்கள் இருந்தாலும் படத்தைப் பற்றிய ஊர்த்தீர்ப்பு அவர்கள் இல்லாமலே எழுதப்படுகிறது. தாய் பாத்திரம் ஏன் எப்போதும் அழுதுகொண்டே இருக்கிறது என்று வீடு திரும்பும் டவுன் பஸ்ஸில் அவர்கள் கேட்டுக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். பெஞ்சில் அந்தக் கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை.