போர்ட்லாந்து மேவரிக்ஸ்: ஒதுக்கப்பட்டவர்களின் ஆட்டக்கலை

அமெரிக்கப் பேஸ்பாலில் ‘மைனர் லீக்’ எனப்படும் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடும் அணிகள் பெயரளவில் ஒரு சிறு நகரத்துக்கு உரியவை எனினும், அவற்றுள் பெரும்பாலானவை ‘மேஜர் லீக்’ எனும் உச்சநிலைப் போட்டிகளில் ஆடும் அணி ஒன்றுக்கு வீரர்களைத் தயாரித்துத் தருவனவாகவே இருந்துவந்துள்ளன. சம்பளம் தருவதும், யாரை ஆடவிடுவது, யாரை மேலே அழைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதும் தாய் அணியின் கையில் இருப்பதால், உள்ளூர் மக்கள் கொண்டாடும் வீரர் பருவத்தின் நடுவிலேயே பறிபோவது அங்கே வாடிக்கை. அத்தகைய அணியின் ஆட்டம் சங்கீத வித்வானின் சாதகம் போன்றது. செவிக்கு இனிதாக இருக்கலாம், ஆனால் கேட்பவருக்காக நிகழ்வதன்று. கச்சேரியே வேண்டுமென்போர் தாய் அணி இல்லாத சுயேச்சை அணிகளைத்தான் நாட வேண்டும். அவற்றுள் ரசனைக்கு மிகுதியாக இடம் தந்தது 1973 முதல் 1977 வரை ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் ஆடிய மேவரிக்ஸ்.

மேஜர் லீக் அணியை என்றுமே பெற்றிராத அந்நகரை விட்டு, பீவர்ஸ் என்ற பழைய அணியும் 1972 பருவத்தோடு ஸ்போக்கேனுக்குப் பெயர்ந்தது. இனி அங்கே பேஸ்பால் எடுபடாது என்று பலரும் கருதிய வேளையில், ‘பொனான்சா’ தொலைக்காட்சித் தொடரில் துணை ஷெரீப்பாக நடித்த பிங் ரஸ்ஸல் 500 டாலர் கட்டி அந்த ஊருக்கான உரிமையைப் பெற்று, கோடையில் சில மாதங்களே நடக்கும் நார்த்வெஸ்ட் லீகில் தம் அணியை இறக்கினார். யார் வேண்டுமானாலும் வந்து திறமையைக் காட்டலாம் என்று அறிவித்து அவர் நடத்திய தேர்வுக்கு, பிற அணிகள் கழித்துவிட்டவர்களும் வயது கடந்துவிட்டதென்று சொல்லப்பட்டவர்களும் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்து சேர்ந்தனர். அவருடைய மகனும் பின்னாளில் ஹாலிவுட்டின் முன்னணி நடிகரானவருமான கர்ட் ரஸ்ஸலும் அந்த முதல் ஆண்டில் அணிக்காக ஆடினார்.

இந்த அணியைப் பற்றிப் பேசுவோர் அதன் குறும்புகளையே பெரிதும் பேசுகின்றனர். 1974இல் பயிற்சியாளர் ஃபிராங்க் பீட்டர்ஸ் ஒன்பது வீரர்களையும் இன்னிங்ஸுக்கு ஒரு நிலையாகச் சுழற்றி ஆடவிட்டு அந்த ஆட்டத்தை வென்றும் காட்டியது அப்படிப்பட்ட ஒரு கதை. வேடிக்கைதான், ஆனால் வெறும் வித்தை. மெய்யான ரசனைக்குரியது ஜிம் ஸ்வான்சன் என்ற இடக்கையர் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவராக, ஆடியதில் இருக்கிறது. வலக்கை மட்டையாளர்களே மிகுதி என்பதாலும், அவர்கள் கேட்சரின் இடப்பக்கத்தில் நிற்பதாலும், இடக்கையால் எறியும் கேட்சருக்கு எறியும் வழியிலேயே ஓர் ஆள் மறிப்பாக நிற்கிறார். மூன்றாம் தளத்துக்கு எறிய வேண்டுமானால் உடலையே திருப்ப வேண்டியும் வருகிறது. இக்காரணங்களால் பேஸ்பால் உலகம் இடக்கைக் கேட்சரை ஏறத்தாழ ஒழித்தேவிட்டது. மேவரிக்ஸோ அவரால் முடிகிறதா என்று மட்டும் பார்த்தது.

அதற்கும் மேலே வைக்கத்தக்கது ஜிம் பௌட்டனின் நக்கிள்பால். 1963இல் நியூயார்க் யாங்கீஸுக்காக 21 ஆட்டங்களை வென்றுகொடுத்த அந்த வேகப்பந்து வீசும் பிட்சர், தோள் கெட்டபின் நக்கிள்பாலை நம்பத் தொடங்கியவர். வீரர்களின் அந்தரங்க வாழ்க்கையைப் போட்டுடைத்த ‘பால் ஃபோர்’ என்ற நூலை 1970இல் வெளியிட்டுப் பேஸ்பால் பெரியவர்களின் பகையைத் தேடிக்கொண்டவர். 1975இலும் பின்னர் 1977இலும் அவர் போர்ட்லாந்தில் வீசினார். விரல் நுனிகளால், சொல்லப்போனால் நகங்களால், பந்தைப் பற்றி, ஏறக்குறையச் சுழற்சியே இல்லாமல் தள்ளிவிடுவதே இந்த வீச்சு. சுழலாத பந்தின் புடைத்த தையல்மேல் காற்று சீரற்றுப் படிவதால், ஏறத்தாழ 18 மீட்டர் தூரத்துக்குள் அது எந்தப் பக்கம் நெளியும், எப்போது தாழும் என்பது மட்டையாளருக்கு மட்டுமன்றி, பிடிப்பவருக்கும் வீசியவருக்குமே தெரிவதில்லை. வேகம் குறைவு என்பதால் முதிர்ந்த கைக்கும் உகந்தது. ஆனால் பந்து சற்றே சுழன்றுவிட்டாலும் அடித்து நொறுக்கப்படும் என்பதால் பிழைக்கு இடமே தராதது. இளம் வேகத்தைத் தேடி அலையும் தாய் அணிகளின் கண்ணில் இது படுவது அரிது. பௌட்டன் அதைக் கொண்டே 1978இல், 39ஆம் வயதில், அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்காக மேஜர் லீகில் மீண்டும் வீசி ஓர் ஆட்டத்தை வென்றார்.

பார்வையாளரும் இக்கலையில் பங்காளிகளாயினர். ஒரு தொடரின் எல்லா ஆட்டங்களையும் வெல்வதைப் பெருக்கித் தள்ளுவதாகச் சொல்வது அமெரிக்க வழக்கமாதலால், அந்த வெற்றி நெருங்கும்போது ஜோ கார்சா என்ற வீரர் துடைப்பத்தோடு தோன்றி எதிரணியைச் சீண்ட, ரசிகர்களும் வீட்டிலிருந்து துடைப்பம் கொண்டுவரத் தொடங்கினர். பிட்சர்கள் முறைக்காகக் காத்திருக்கும் பகுதியில் அமர்ந்து, மெல்லும் புகையிலைக்கு மாற்றாக ராப் நெல்சன் என்ற மேவரிக்ஸ் பிட்சர் பௌட்டனோடு சேர்ந்து எண்ணியதுதான், 1980இல் ‘பிக் லீக் ச்யூ’ என்ற பெயரில் பைகளில் விற்பனைக்கு வந்த, நறுக்கிய சூயிங்கம்.

1977இல் 44 வெற்றி, 22 தோல்வி என்ற கணக்கோடு தன் பிரிவில் முதலிடம் பெற்ற மேவரிக்ஸ், இறுதிச் சுற்றில் பெல்லிங்ஹாம் அணியிடம் தோற்றது. அரங்கு நிறைவதைக் கண்ட, பீவர்ஸ் ஆடிவந்த மேல்நிலை மைனர் லீக் மறு ஆண்டே போர்ட்லாந்துக்குத் திரும்ப விரும்பியது. லீக் விதிப்படி ஊரை விட்டுக்கொடுக்க நேர்ந்த ரஸ்ஸல், அந்த லீக் முன்வைத்த 26,000 டாலரை ஏற்க மறுத்து நடுவர் தீர்ப்புக்குச் சென்று 2,06,000 டாலர் பெற்றார். அவருடைய பேரன்கள் சாப்மன் வே, மெக்லைன் வே ஆகியோர் 2014இல் எடுத்த ஆவணப்படம் இந்தப் பணவெற்றியையும் குறும்புகளையும் சுவையாகச் சொல்கிறது. ஆனால் ஆட்டத்தின் நுட்பத்தில் அது போதிய நேரம் நிற்பதில்லை. அதைப் பார்ப்பவர்கள், மைதானத்துக் காட்சிகள் வரும் இடங்களிலேனும் கதையைச் சற்று மறந்துவிட்டு, பந்தையும் அதை வீசும் கையையும் கவனிப்பது நல்லது.