கையெழுத்து சுருங்கும் முன்

பார்க்கின்சன் நோய் தொடங்கிய ஒருவரின் கையெழுத்தை அவருடைய பழைய கையெழுத்தோடு வைத்துப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்ததுபோல் சிறுத்துவிடும். சிலருக்கு நடுக்கம் வெளியே தெரிவதற்கு முன்பே இது வந்துவிடுகிறது. வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கி காசோலையைத் திருப்பி அனுப்பும்போதுதான் பேச்சு எழுகிறது.

இந்தியாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நோயினால் கையெழுத்துப் போட முடியாதவர் கைநாட்டு வைக்கலாம். கைவிரலும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி நிற்க வேண்டும், அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். கருணையோடு எழுதப்பட்ட விதிதான். ஆனால் அது கை தளர்ந்தவருக்கானது. மனம் தளர்ந்தவரிடம் ரேகை வாங்கினால் அது செல்லாது, குற்றமாகவும் ஆகலாம்.

மெல்ல மெல்ல முற்றும் நரம்பு நோய்கள் எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. இயக்க நரம்பணு நோயில் பெரும்பாலோருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும், கையும் குரலும் மூச்சும்தான் போகும். அல்சைமரில் கை நன்றாக இருக்கும், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதுதான் தெரியாமல் போகும். பார்க்கின்சனில் முதலில் உடல். பலருக்கு ஆண்டுகள் கழித்து மனமும். எது முதலில் போகும் என்று மருத்துவர் சொன்ன அன்றே, எதை முதலில் செய்துவைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. அந்த நாளில் எந்தக் குடும்பமும் பத்திரங்களைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் சாவை அழைப்பதாக நினைக்கிறோம்.

இத்தனைக்கும் சாவுக்குத் திட்டமிடுவதில் நம்மவர்கள் குறைவைத்ததில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் பெரியவர் உயில் எழுதுவார், அல்லது பிள்ளைகள் பெயருக்குச் செட்டில்மென்ட் செய்வார். யாழ்ப்பாணத்தில் மகளின் கலியாணத்தோடு வீடும் வளவும் சீதன உறுதியாகக் கைமாறும். இரண்டும் சொத்து யாருக்கு என்பதைத் தீர்க்கின்றன. உயிரோடு இருந்தும் முடிவெடுக்க முடியாத அந்த எட்டு, பத்து, பதினைந்து ஆண்டுகளில் மருந்துக்கும் ஆளுக்கும் பணம் எடுப்பது யார், மூக்கில் குழாய் போடலாமா என்று மருத்துவர் கேட்டால் பதில் சொல்வது யார் என்பதை இரண்டுமே தீர்ப்பதில்லை.

பிடோக்கில் இந்த வேறுபாட்டை ஒரே வீட்டுக்குள் பார்க்கலாம். சிங்கப்பூரில் முதியவர்கள் அதிகம் வாழும் பேட்டைகளில் பிடோக் ஒன்று. அங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயில். இலங்கைத் தமிழர் எழுப்பிய கோயில். எனக்குத் தெரிந்த ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கணவரின் வேர் அளவெட்டியில், மனைவியின் வேர் மன்னார்குடியில். மனைவிக்குப் பார்க்கின்சன். அளவெட்டியில் கணவரின் முதுசக் காணி, மன்னார்குடியில் மனைவிக்கு அப்பா கொடுத்த வீடு, பிடோக்கில் இருவர் பெயரிலும் நாலறை வீடு. மூன்று நாட்டுச் சட்டம் ஒரு சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மன்னார்குடி வீட்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் வழக்கமான தீர்வு, “தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிடு” என்பது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது. எந்த நாளுக்காகப் பவர் எழுதினோமோ, அந்த நாள் வந்ததும் அது வெற்றுத்தாள் ஆகிவிடுகிறது. ஊரில் எத்தனையோ பேர் இது தெரியாமல் அந்தத் தாளை வைத்துக்கொண்டு விற்கிறார்கள், வாங்குகிறார்கள். வழக்கு பின்னால் வருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரதிநிதியை நியமித்துக்கொள்ள இடம் தருகிறது, ஆனால் அது மனநலச் சிகிச்சைக்கு மட்டும். வங்கிக்கும் வீட்டுக்கும் அது உதவாது.

அப்படியானால் என்னதான் வழி? உயர்நீதிமன்றம். 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு பெண் போனார். கணவர் நினைவிழந்து கிடக்கிறார், சிகிச்சைக்காக அவர் பெயரிலுள்ள சொத்தை விற்க வேண்டும். தனி நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரையே காப்பாளராக நியமித்து, கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் வைப்பாகப் போடச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனைவி, இரண்டு அமர்வுகள் ஏறி இறங்கித்தான் இதைப் பெற முடிந்தது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தியாவுக்கு இதற்கென ஒரு சட்டம் எப்போதோ வந்திருக்க வேண்டும்.

அளவெட்டியில் நிலைமை வேறு, எளிதல்ல. இலங்கையில் அற்றோணித் தத்துவம் எனப்படும் பவர் 1902ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி கொடுக்கப்படுகிறது. போர்க்காலத்தில் வெளிநாடு போனவர்கள் பலரும் ஊரிலிருந்த மச்சானுக்கோ சித்தப்பாவுக்கோ அதைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அதுவும் கொடுத்தவரின் மனம் தளர்ந்தால் வலுவிழக்கும். பிறகு மாவட்ட நீதிமன்றம்தான். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி விசாரணை நடத்தி, அவர் சித்த சுவாதீனமற்றவர் என்று தீர்ப்பளித்து, உடைமைக்கு ஒருவரையும் ஆளைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் நியமிக்கும். இந்தியாவில் மறதி நோயாளிக்கு இப்படித் தெளிவான ஏற்பாடு இல்லாததால், இந்த ஒரு விஷயத்தில் இலங்கை ஒரு படி மேல் என்பேன். ஆனால் அந்த விசாரணையின் முறையும் சொற்களும் பழைய காலத்தவை. நேற்றுவரை பள்ளி அதிபராக இருந்தவரைப் பற்றி மன்றத்தில் அப்படி வாசிப்பதைக் கேட்கப் பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை. அதனாலேயே போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவருக்கே மறதி நோய் வந்தால்? சம்மதம் தர அவரால் முடியாது. மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி தரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. கணவரின் வைத்தியச் செலவுக்காகத் தன் காணியை விற்க நினைக்கும் பெண், அவருடைய நோயை முதலில் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நூறு ஆண்டைத் தாண்டிய இந்த விதி இன்னும் மாறாமல் இருப்பது நியாயமல்ல.

ஆனாலும் யாழ்ப்பாண வழக்கத்தில் இந்தியக் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளவேண்டிய ஒன்று இருக்கிறது. அங்கே பெற்றோர் உடலும் மனமும் திடமாக இருக்கும்போதே, நொத்தாரிசு முன்னிலையில் வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, தங்கள் காலம்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொள்வார்கள். நோய் பத்தாண்டு நீடித்தாலும் வீட்டின் பெயரில் சிக்கல் வராது. மன்னார்குடியில் இதையே ஆயுள் உரிமை வைத்த செட்டில்மென்டாகச் செய்யலாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர முடியாத அளவு உடல் தளர்ந்தவர் என்றால் அதிகாரி வீட்டுக்கே வந்து பதிவு செய்வதற்கும் சட்டத்தில் இடமுண்டு. எழுதிக் கொடுத்தபின் கைவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் இரண்டு ஊர்ப் பெற்றோருக்கும் உண்டு. இலங்கையில் பெரும் நன்றிகேட்டைக் காட்டி நன்கொடையை நீதிமன்றத்தில் திரும்பப் பெறலாம். இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் பிரிவு 23 இருக்கிறது. ஆனால் “என்னைப் பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவையுங்கள். எழுதாமல் விட்டவர்கள் உச்சநீதிமன்றம்வரை போக வேண்டி வந்திருக்கிறது.

பிடோக் வீட்டுக்கு வந்தால் மூச்சு விடலாம். சிங்கப்பூரின் மனத்திறன் சட்டம் 2008இல் இயற்றப்பட்டு 2010 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பிய எவரும் நீடித்த அதிகாரப் பத்திரம், எல்லாரும் சொல்கிற எல்பிஏ, எழுதிவைக்கலாம். மன்னார்குடிப் பவர் செத்துப்போகும் அதே இடத்தில்தான் இது உயிர்பெறுகிறது; கொடுத்தவரின் மனத்திறன் போன பிறகே நடைமுறைக்கு வரும். பொதுவான படிவத்தில் இரண்டு பேரை நியமிக்கலாம், மூன்றாவதாக ஒரு மாற்று ஆளையும் வைக்கலாம். குடியிருக்கும் வீட்டை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் அதிலேயே சேர்க்கலாம். பிடோக் வீட்டில் அந்த அம்மா அந்தக் கட்டத்தைத்தான் முதலில் கேட்டார்.

இப்படி எல்லாம் தந்த சிங்கப்பூர்ச் சட்டம் ஓரிடத்தில் கையை இழுத்துக்கொள்கிறது. உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை எல்பிஏ பெற்றவர் முடிவுசெய்ய முடியாது. அது மருத்துவரின் பொறுப்பு. அதற்கு 1996ஆம் ஆண்டின் முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டம் தனியாக இருக்கிறது: மருத்துவர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன் நோயாளியே கையெழுத்திட வேண்டும். இவற்றோடு, பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்யும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமும் உண்டு. அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் நள்ளிரவில் சாங்கி மருத்துவமனையில் மருத்துவர் தேடுவது அதைத்தான்.

இந்தியா இங்கே தலைகீழ். வங்கிக்கு ஒருவரை நியமிக்க வழியில்லாத நாட்டில், வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்ல வழியிருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கண்ணியமாக இறக்கும் உரிமையையும் அதற்கான முன் உத்தரவையும் ஏற்றது. அப்போது நீதித்துறை நடுவர் ஒருவர் மேலொப்பம் இட வேண்டும் என்றிருந்ததால் யாரும் அதன் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும் என்றார்கள். தன் சார்பில் பேசவேண்டிய நெருங்கிய உறவினரின் பெயரையும் அதில் எழுதலாம். ஆனாலும் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொண்ட பிறகே சிகிச்சை நிறுத்தப்படும்.

இலங்கையில் இப்படி ஒரு சட்டமே இல்லை. வாட்டு வாசலில் மூத்த பிள்ளையோ தாய்மாமனோ மருத்துவரோடு நின்று பேசித் தீர்க்கிறார்கள். பல நேரம் அன்போடும் நிதானத்தோடும்தான் நடக்கிறது. ஆனால் டொரன்டோவிலிருந்து மகள் “எல்லாம் செய்யுங்கோ டொக்டர்” என்று அழும்போது, அருகில் நிற்கும் மகனின் பேச்சு எடுபடாது. அம்மா என்ன விரும்பினார் என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை.

காலம் இங்கே முக்கியம். இயக்க நரம்பணு நோயில் வயிற்றுவழி உணவுக்குழாயை மூச்சுத்திறன் மிகவும் குறைவதற்கு முன்பே வைத்துவிட்டால்தான் ஆபத்துக் குறைவு. “இன்னும் சாப்பிடுகிறாரே” என்று தள்ளிப்போட்டால், வேண்டும் என்று அவர் சொன்னாலும் வைக்க முடியாமல் போகலாம்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான ஒரு வழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன்: நோயை நோயாளியிடமே மறைப்பது. “அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் டாக்டர், தாங்கமாட்டார்.” சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த வாக்கியம் ஒன்றே. தெரியாதவர் உத்தரவு எழுத முடியாது, செட்டில்மென்டில் நிபந்தனை போட முடியாது, குழாய் வேண்டுமா என்று யோசிக்க முடியாது. அன்பினால் மறைக்கிறோம், பிறகு அவருடைய முடிவுகளை நாம் எடுக்கிறோம்.

எல்பிஏ எழுதும்போது சான்றளிக்கும் மருத்துவரோ வழக்கறிஞரோ கொடுப்பவரிடம்தான் பேசுவார். பிடோக்கில் அந்த அம்மா உள்ளே போனபோது கணவரும் மூத்த மகனும் வெளியே காத்திருந்தார்கள். இது எதற்கு என்று தெரியுமா, யாருக்குக் கொடுக்கிறீர்கள், ஏன் அவருக்கு என்று கேள்விகள். குரல் மெலிந்துபோயிருந்தாலும் அவர் மருமகள் பெயரைச் சொன்னார். மாத்திரை நேரம் தவறினால் உடம்பு என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும், மகனுக்குத் தெரியாது என்றார். மகனுக்கு முகம் சற்று வாடியது. அவர் இப்போது மாற்று ஆள்.

மன்னார்குடி வீட்டுக்கு அந்த எல்பிஏயை மட்டும் நம்பக்கூடாது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அதற்கு அந்த அம்மா நேரில் போய்ச் செட்டில்மென்ட் எழுத வேண்டும். அதை இந்தத் தைக்குள் முடிக்க டிக்கெட் போட்டிருக்கிறார்கள். விமானத்தில் மாத்திரை வேளையைச் சிங்கப்பூர் நேரப்படி வைப்பதா இந்திய நேரப்படி வைப்பதா என்று மருமகள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.