மெக்கன்சி திரட்டும் பங்களிப்பு என்னும் அளவுகோலும்

நவீன உலகுக்கு ஸ்கொத்லாந்தியர் ஆற்றிய பங்களிப்பை எடுத்துரைப்போர் கொலின் மெக்கன்சியைத் தவறாது சுட்டுவர். லூயிஸ் தீவிற் பிறந்து, 1815இல் இந்தியாவின் முதல் நில அளவைத் தலைவரான அவர் தென்னாட்டுச் சுவடிகளைப் பெருந்தொகையாகத் திரட்டினார். அம்முயற்சியை நாம் குறைத்துரையோம்.

ஆயின் அவற்றைத் தேடிப் படியெடுத்து மொழிபெயர்த்தோர் காவலி சகோதரர் முதலிய உள்நாட்டறிஞரே. மெக்கன்சி 1821இல் மறைந்தபின் அப்பணியைத் தொடர விழைந்த காவலி வெங்கட இலட்சுமையாவை, சுதேசியெவரும் அதற்குத் தகுதியுடையரல்லர் என்று வங்காள ஆசியக் கழகத்தார் 1830களில் ஒதுக்கினர். திரட்டும் உழைப்பு சுதேசிக்கு, ஆராயும் உரிமை ஐரோப்பியருக்கு என்ற இப்பிரிவினை குடியேற்ற ஆட்சியின் விளைவாகும்.

ஊர்காவற்றுறைத் தீவின் கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள், ஐரோப்பிய நூலகங்களில் முற்காலத் தமிழ் அச்சுநூல்களைத் தேடியும், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றும் அப்பிரிவினையைச் செயலால் மறுத்தார். பங்களிப்பு, திரட்டியவர் பெயரால் மட்டுமன்றி உழைத்தவர் பெயராலும் அளக்கப்படல் வேண்டும் என்பதே எமது துணிபு.