கூலிக் கணக்கும் குருதிக் கணக்கும்

எமில் ஸோலா 1885இல் வெளியிட்ட 'ஜெர்மினல்' நாவல், வட பிரான்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 1860களில் நடத்தும் வேலைநிறுத்தமொன்றைச் சித்திரிப்பது. 1884இல் அன்சான் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது நேரிற் சென்று கண்டவர் அவர்.

போராட்டம் பிறக்கும் விதத்தைக் காட்டும் பகுதிகளிலேயே நாவலின் மேன்மையை நாம் காண்கிறோம். சுரங்கத்தினுள் மரத்தால் முட்டுக்கொடுக்கும் வேலைக்குத் தனிக்கூலி தருவதாகக் கூறும் கம்பனி, வெட்டிய கரிக்கு வண்டிக்கணக்கில் தரும் கூலியைக் குறைத்துவிடுகிறது. கூட்டிப் பார்த்தால் தொழிலாளிக்கு நட்டமே. சலுகை வேடத்தில் வந்த இக்கூலிவெட்டே வர்க்க முரண்பாட்டை அம்பலமாக்குகிறது.

ஆனால், நாயகன் எத்தியேனின் கொலைவெறிக்கு ஸோலா கற்பிக்கும் காரணம் குடிகார மூதாதையரின் இரத்தம்! கூலிக் கணக்கைத் தெளிவுறப் படித்தவர், குருதிக் கணக்கை நம்பித் தடுமாறுகிறார். பரம்பரையே மனிதனை ஆட்டுவிக்குமாயின், அவன் சங்கம் அமைத்து உரிமை கேட்பது எங்ஙனம்? நாவலில் தொழிலாளர் தோற்கின்றனர். வரலாற்றிலோ, 1884இல் பிரான்ஸில் தொழிற்சங்கங்கள் சட்ட அங்கீகாரம் பெற்றன. அதைப் பெற்றுத் தந்தது இரத்தமன்று, அமைப்பே.

இக்குறையையும் மீறி நாவல் வாழ்கிறது. 1902இல் ஸோலாவின் இறுதி ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர் 'ஜெர்மினல்' என்றே முழங்கிச் சென்றனர். தம் கூலிக் கணக்கை இலக்கியமாக்கியவரை அவர்கள் மறக்கவில்லை.