திரையிற் கூடும் இலக்கியம்

ஆய்வரங்குகளுக்காகக் கடல்கடந்து பறப்பதை விடுத்து இணையவழியிலே கூடலாம் என்னும் வாதம் இன்று வலுப்பெற்றுள்ளது. இதனை நாம் எளிதிற் புறந்தள்ள முடியாது. ஐரோப்பாவிலிருந்து ஒருவர் விமானத்திற் கொழும்புக்கு வந்து திரும்பினால் வளியிற் கலக்கும் கரியமிலவாயு ஒரு தொன்னுக்கு மேற்படும். சராசரி இலங்கையர் ஒருவர் ஓராண்டு முழுவதும் வெளியிடுவதும் ஏறத்தாழ அவ்வளவே. மழை பிழைத்து இரணைமடு வற்றினாலும், பெருகி வான்பாய்ந்தாலும், அல்லற்படுபவன் வட்டக்கச்சி விவசாயியே; பறந்துவந்து பேசிய பேச்சாளனல்லன்.

ஆயினும் பயணத்தைத் துறக்கச் சொல்லுமுன், அது இதுவரை யாருடைய உடைமையாயிருந்தது என்று கேட்பது நம் கடமை. 1988-இல் ஜேர்மனியிலே தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிற் கூடிய பின்னரே, 2013-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 1990-இல் நின்றுபோன புகையிரதம் கிளிநொச்சியை மீண்டும் கண்டதும் அதே 2013-இற்றான். வன்னி எழுத்தாளனுக்குப் பயணம் ஆடம்பரமன்று, மறுக்கப்பட்ட உரிமை.

2020-இன் கொள்ளைநோய் எல்லோரையும் திரைமுன் அமர்த்தியது. அரங்கம் சமமாகிவிட்டதென்று பலர் மகிழ்ந்தனர். உருவம் மாறியது உண்மை, உள்ளடக்கம் மாறியதா? ரொறொன்ரோவில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் கூட்டம், குளிர்காலத்தில் நமக்குக் காலை ஆறரை மணி; வயலுக்கும் பள்ளிக்கும் புறப்படும் வேளை. 2021-இல் மத்திய இலங்கையின் பொகிட்டியாவ என்ற சிற்றூரிலே மாணவர் இணையத் தொடர்பு தேடிக் காட்டுமேட்டில் ஏறிக் கற்றனர். 2022-இல் எரிபொருட் பஞ்சம் அரச ஊழியரை வீட்டிலிருந்து பணிசெய்யப் பணித்தது. அவ்வாண்டு மின்வெட்டு ஒருநாளிற் பதின்மூன்று மணிநேரம்வரை நீண்டதையும் கண்டோம். மின்னும் தரவுக் கட்டணமும் இல்லாதவன் திரையிலே கேட்போனாகக்கூட இருக்க முடியாது.

எனவே நாம் எதிர்ப்பது கருவியையன்று. அதன் உடைமை உறவையே. கூட்டத்தின் நேரத்தையும் பொருளையும் வட்டக்கச்சியும் தீர்மானிக்கட்டும். தலைமை முறைவைத்து மாறட்டும். தனித்தனிக் கைபேசிகளுக்குப் பதிலாக ஊர் வாசிகசாலையிலே பொதுத்திரை ஒன்று அமையட்டும். மிஞ்சும் விமானச் செலவிலே ஒரு பகுதி அதற்கு வரட்டும். பயணமும் அறவே ஒழியவேண்டியதில்லை. வன்னி இளைஞன் முதன்முறை பேருந்தேறி ஓர் அரங்குக்குச் செல்வதும், பலமுறை பறந்தவர் இன்னொருமுறை பறப்பதும் ஒன்றாகா. துறவு, துய்த்தவரிடமிருந்து தொடங்கட்டும்.