பெயர் தெரிந்தால் போதுமா?

சிட்னியின் நார்த்மீட், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கத்துத் தமிழ் வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் மேசையில் மூன்று கட்டம் போட்ட தாள் ஒன்று கிடக்கும்: உத்தி, மேற்கோள், விளைவு. நியூ சவுத் வேல்ஸின் பள்ளியிறுதித் தேர்வான ஹெச்எஸ்சியில் கட்டாயப் பாடம் ஆங்கிலம் ஒன்றுதான். மருத்துவக் கனவு காணும் பிள்ளையின் பல்கலைக்கழக நுழைவுத் தரவரிசையான ஏடாரிலும் அந்த மதிப்பெண் வந்து சேரும். முதல் தாளின் முதல் பகுதியில், முன்பின் பார்த்திராத கவிதைக்கும் உரைநடைக்கும் 45 நிமிடத்தில், 20 மதிப்பெண்ணுக்கு விடை எழுதவேண்டும். அந்தப் பயத்துக்கு டியூஷன் தரும் மருந்துதான் உத்திப் பட்டியலும் தொனிச் சொற்பட்டியலும்.

மருந்து வேலை செய்யாமல் இல்லை. ‘சோகம்’, ‘கோபம்’ இரண்டை மட்டும் வைத்துத் தடுமாறும் பிள்ளைக்கு ஏக்கம், கசப்பு, ஏளனம், மனத்தாங்கல் என்று தரம்பிரிக்கச் சொற்கள் கிடைக்கின்றன. வீட்டில் புத்தக ஆங்கிலம் புழங்காத பிள்ளைக்கு இது சின்ன உதவியல்ல. பட்டியல் நமக்கும் புதிதில்லை. 35 பொருளணிகளை வகுத்த தண்டியலங்காரத்தின் வழிவந்த அணியிலக்கணத்தை நெட்டுருப் போட்டவர்கள்தானே நாம்!

கோளாறு மூன்றாம் கட்டத்தில். “அம்மா கடிதத்தை மடித்தாள். விரித்தாள். மறுபடியும் மடித்தாள்” என்று ஒரு பத்தி வருவதாக வைத்துக்கொள்வோம். ‘குறுவாக்கியம், அழுத்தம் தருகிறது, வாசகரை ஈர்க்கிறது’ என்று பிள்ளை நிரப்பிவிடும். அதே விளைவைச் சவர்க்கார விளம்பரத்துக்கும் எழுதலாம். அவள் ஏன் கடிதத்தைக் கீழே வைக்கவில்லை என்று பிள்ளை கேட்கவேயில்லை. கேள்வித்தாளோ பெரும்பாலும் உத்தியின் பெயரைக் கேட்பதில்லை. எழுத்தாளர் இதை எப்படிக் காட்டுகிறார் என்றே கேட்கிறது.

தொனியில் சிக்கல் இன்னும் ஆழம். கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் ஆசிரியர் பெயரில்லாமல் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதியதை ஆராய்ந்து 1929இல் நூலாக்கினார் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். இன்றைய ‘பார்க்காத கவிதை’ப் பயிற்சிக்கு அவர் ஒரு முன்னோடி. உணர்ச்சியை வேறாகவும், கேட்பவர்பால் பேசுபவர் கொள்ளும் மனப்பாங்கைத் தொனி என்று வேறாகவும் அவர் பிரித்தார். டியூஷன் தாளில் இரண்டும் ஒரே அகரவரிசையில் கலந்து கிடக்கின்றன. யாரிடம் பேசுகிறார் என்று பாராமல் ‘ஏளனம்’ என்றெழுதுவது குருட்டாம்போக்கு.

தொல்காப்பியரும் மெய்ப்பாடுகள் என்று எட்டு உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பட்டியலிட்டார். ஆனால் பெயரோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் களம் நான்கு நான்காகச் சொன்னார். அழுகையா? இழிவுபட்டதாலா, இழந்ததாலா, பழைய நிலை சரிந்ததாலா, வறுமையாலா என்று தேடவேண்டும். தொனிப் பட்டியலிலும் ‘எதனால், யாரிடம்’ என்று இரண்டு கட்டம் கூட்டினால் பாதிக் குறை தீரும் என்பது என் எண்ணம்.

அப்படிச் செய்தால் ஒரு மணி நேரத்தில் பத்து உத்தி முடியாது, இரண்டுதான் முடியும். திருத்தவும் நேரமாகும். நிரம்பிய தாள் கட்டணம் கட்டும் பெற்றோர் கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளை ஒரு வரியில் கால்மணி நேரம் நின்று யோசித்தது தெரிவதில்லை. பட்டியல் இவ்வளவு செல்வாக்கோடு இருப்பதற்குப் பாடத்திட்டத்தைவிட இதுதான் பெரிய காரணம்.